வக்கீல் சங்கத்துப் பெரியவங்களுக்கு: உங்க லைப்ரேரியனையும் ஒரு தடவை படிக்க அனுப்புங்க

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், சிவகங்கை பக்கத்து வக்கீல் சங்கத் தலைவர்கள், செயலாளர்கள், லைப்ரரி கமிட்டியில இருக்கற சீனியர் ஐயாக்கள், மேடங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் 16 வருஷமா சட்டப் புஸ்தகத்தோடயே இருக்கறவ. லைப்ரரி சயின்ஸ் படிச்சது நம்ம அழகப்பா யுனிவர்சிட்டியில. எந்த ஊர் கோர்ட்டு, எந்த சங்கம்னு இதுல எழுதப்போறதில்ல, ஏன்னா இது ஒரு சங்கத்து மேல சொல்ற புகார் இல்ல. இந்தப் பக்கத்துல இந்த வேலை பாக்கறவங்க நாங்க நாலு பேரு போன்ல பேசிக்கிட்டா நாலு பேரும் ஒரே கதையத்தான் சொல்றோம், அதனாலதான் எல்லாருக்கும் சேத்து எழுதறேன்.

கேக்கறது ரெண்டே விஷயம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது உங்க லைப்ரேரியன ஒரு பயிற்சிக்கு ஆன் ட்யூட்டில அனுப்புங்க. என்ன புக் வாங்கறது, தீர்ப்பு தேடற எந்த ஆன்லைன் டேட்டாபேஸுக்கு பணம் கட்டறதுன்னு முடிவு பண்ற மீட்டிங்ல அவங்கள உக்கார வெச்சு ஒரு வார்த்தை கேளுங்க. இவ்வளவுதான். இதுக்கு ஏன் இவ்வளவு நீள லெட்டர்னா, எங்க வேலை என்னன்னே நிறைய பேருக்குத் தெரியாது, அலமாரி சாவி வெச்சிருக்கறவங்க, ரெஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கறவங்க அப்படின்னுதான் நினைப்பு, அதனால நடந்த ஒண்ண முதல்ல சொல்லிடறேன்.

2022 ஆரம்பத்துல ஒரு பாகப்பிரிவினை கேஸ். நம்ம பக்கத்துல உங்களுக்குத் தெரியாததா, முகப்பு ஒரு தெருவுல, பின்கட்டு அடுத்த தெருவுல முடியற வீடு. வாதி ஒரு ஆச்சி. 1984ல கல்யாணம் ஆனவங்க. ஆத்தா முன்னாடியே போயிட்டாங்க, அப்பச்சி, அதாவது அவங்க அப்பா, 1998ல தவறிட்டாரு, கூடப் பொறந்தது ஒரே அண்ணன். அண்ணன் தரப்புல சொன்னது, சாமான் சட்டி, வெள்ளி, வைரம்னு எல்லாச் சீரும் செஞ்சாச்சு, இன்னும் என்ன பங்குன்னு. ஆச்சியோட ஜூனியர் வக்கீல் தம்பி நல்ல உழைப்பாளி, அவரு லைப்ரரிக்கு வந்து 2015ல வந்த பிரகாஷ் எதிர் பூலாவதி தீர்ப்ப எடுத்துக் குறிப்பு எழுதிக்கிட்டு இருந்தாரு. அந்தத் தீர்ப்புப்படி, இந்து வாரிசுச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்னைக்கு அப்பாவும் பொண்ணும் ரெண்டு பேரும் உயிரோட இருந்தாத்தான் பொண்ணு கூட்டுப் பங்காளி, அதாவது மகன் மாதிரியே குடும்பச் சொத்துல சம பங்குக்காரி. அப்பச்சி 1998லயே போயிட்டாரு. நம்ம தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25ல இருந்து, ஆனா அது அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுகளுக்குக் கிடையாது. அப்ப ஆச்சிக்கு ரெண்டு பக்கமும் கதவு அடைச்சாச்சு, அப்பச்சி பங்குல வர்ற வாரிசுப் பாகம் மட்டும்தான்னு தம்பி முடிவு பண்ணிட்டாரு. கணக்குப் போட்டா, சொத்துல பாதி அண்ணனுக்கு, அப்பச்சியோட பாதிய ரெண்டு பேரும் பிரிச்சுக்கிட்டா ஆச்சிக்கு மொத்தத்துல கால் பங்கு.

எங்க அலமாரியில சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புத் தொகுப்பான எஸ்சிசி 2018ஓட நின்னுடுச்சு, சந்தா கட்டல. பூலாவதி தீர்ப்பையே மாத்தின வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வந்தது 2020 ஆகஸ்ட் 11. (2020) 9 எஸ்சிசி, முதல் பக்கம். அந்த வால்யூம் எங்ககிட்ட வரவே இல்ல. வந்திருந்தா தம்பி அதுக்கு முந்தின வருஷமே பாத்திருப்பாரு.

எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னா, 2020 லாக்டவுன்ல சட்ட நூலகர்களுக்குன்னு நடந்த ஒரு ஆன்லைன் வகுப்புல சொந்த செலவுல டேட்டா போட்டுச் சேந்தேன், வீட்ல கூழ் வத்தல் காயப் போட்டுட்டு மொட்டை மாடி படிக்கட்டுல உக்காந்து கேட்டேன், அங்கதான் சிக்னல் வரும். ஒரு தீர்ப்பக் கையில எடுத்தா அது இன்னைக்கும் நிக்குதா, பின்னால வந்த பெஞ்ச் மாத்திடுச்சான்னு எப்படித் தேடறதுன்னு ஒரு முழு வகுப்பு அதுல. எடுத்தவங்க உதாரணமா காட்டினதே பூலாவதியத்தான். அன்னைக்கு நோட்டுல எழுதி வெச்சது ரெண்டு வருஷம் கழிச்சு வேலைக்கு ஆச்சு.

நான் சட்ட ஆலோசனை சொல்லல, சொல்லவும் கூடாது, அது என் வேலை இல்ல. "தம்பி, இதுக்கு அப்புறம் மூணு நீதிபதி பெஞ்ச்ல ஒண்ணு வந்திருக்கு, ஒரு தடவை பாத்துடுங்க"ன்னு சுப்ரீம் கோர்ட்டு வெப்சைட்ல இருந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான். அந்தத் தீர்ப்புப்படி அப்பா உயிரோட இருந்தாரா இல்லையாங்கறது கணக்கே இல்ல, பொறப்புலயே உரிமை வந்துடுது, 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி முறையா பிரிச்சு முடிச்சதத்தான் தொட முடியாது. இந்த வீடு பிரியவே இல்ல. இப்பக் கணக்கு, அப்பச்சி, அண்ணன், ஆச்சி மூணு பேருக்கும் சமம், அப்பச்சியோட மூணுல ஒண்ணுல பாதி ஆச்சிக்கு, மொத்தத்துல சரி பாதி. கால் பங்கு எங்க, பாதிப் பங்கு எங்க. அந்தத் தம்பி பிரிண்ட்ட வாங்கிட்டு வராந்தாவுல நின்னுக்கிட்டே படிச்சாரு, வாய்தா கூப்பிடறது கூட காதுல விழல, குமாஸ்தா வந்து கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனாரு.

ஒரு லைப்ரேரியன் ஒரு வகுப்புல உக்காந்ததுக்கு ஒரு ஆச்சிக்குக் கிடைச்சது இது. இதுதான் நான் பயிற்சின்னு சொல்றது.

இதுக்கு முன்னாடி 2019ல மூணு நாள் பயிற்சி ஒண்ணுக்கு லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். "புஸ்தகம் எடுத்து வெக்கறதுக்கு எதுக்கும்மா ட்ரெயினிங்"னு கேட்டாங்க. கேட்டவரு கெட்டவர் இல்ல, என் பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு முன்பணம் வாங்கிக் கொடுத்தவரே அவருதான். அவருக்கு நிஜமாவே தெரியல. எனக்கு அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல. அதே சங்கத்துல ஜூனியர்களுக்கு வகுப்பு வெச்சா ஆள் கூப்பிட்டு சால்வை போட்டு நடத்தறாங்க, நல்ல விஷயம், நானே நாற்காலி போட்டிருக்கேன், ஆனா பின்னாடி உக்காந்து கேக்கலாமான்னு என்னைய யாரும் கேட்டதில்ல.

2024 ஜூலை 1 ஞாபகம் இருக்கா, திங்கக்கிழமை. பழைய இபிகோ, குற்ற நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டத்துக்குப் பதிலா வந்த மூணு புதுச் சட்டமும் அன்னைக்கு நடைமுறைக்கு வந்துச்சு. காலைல பத்தரைக்கு ஒரு குமாஸ்தா அண்ணன் வந்து "482 புக்கு குடும்மா"ன்னு கேக்கறாரு. எந்த 482ண்ணே? பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துல, அதாவது சிஆர்பிசியில, 482ன்னா ஹைகோர்ட்டு மதுரைக் கிளையில போடற க்வாஷ், வழக்க ரத்து பண்ணக் கேக்கற மனு. புதுசுல, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுல, 482ன்னா முன்ஜாமீன், அது பழசுல 438. பழைய 482 புதுசுல 528க்குப் போயிடுச்சு. ஒரே நம்பர், ரெண்டு வேற வேற மனு. அவரு கேட்டத அப்படியே எடுத்துக் கொடுத்திருந்தா அன்னைக்கு என்ன ஆகியிருக்கும்னு நீங்களே சொல்லுங்க. முந்தின சனி ஞாயிறு ரெண்டு நாளும் உக்காந்து பழைய செக்ஷன், புது செக்ஷன்னு கையால சார்ட் எழுதி மைதா பசை போட்டு அலமாரி பக்கவாட்டுல ஒட்டி வெச்சேன். 302க்கு 103, 420க்கு 318 நாலாவது உட்பிரிவு, 154க்கு 173, இப்படி. அது இன்னும் அங்கதான் இருக்கு, ஓரமெல்லாம் விரல் பட்டுக் கருத்துப் போச்சு.

அந்த வாரமே இன்னொண்ணு. புதுச் சட்டம் வந்தாச்சு, பழைய இபிகோ, சிஆர்பிசி புக்கையெல்லாம் எடைக்குப் போட்டு இடத்த காலி பண்ணலாம்னு பேச்சு வந்துச்சு. நான் ஒத்துக்கல. ஜூலை 1க்கு முன்னாடி நடந்த குத்தத்துக்கு பழைய இபிகோதான், இபிகோவுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 358லயே அதக் காப்பாத்தி வெச்சிருக்கு, அன்னைக்கு நிலுவையில இருந்த விசாரணைக்குப் பழைய நடைமுறைதான்னு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுல 531ல இருக்கு. இன்னும் பல வருஷத்துக்கு ரெண்டு செட்டும் வேணும். நல்லவேளை ஒரு சீனியர் ஐயா காது கொடுத்துக் கேட்டாரு, புக்கு தப்பிச்சுது. ஆனா அன்னைக்கு அந்த வழியா அவரு வந்ததாலதான் கேட்டாரு. எனக்கு கமிட்டியில இடம் இருந்ததால இல்ல. நான் கேக்கற ரெண்டாவது விஷயம் இதுதான்.

இப்ப ஏஐ வேற. போன வருஷம் ஒரு பையன் போன்ல ஒரு சைட்டேஷன, அதாவது தீர்ப்பு எந்த வால்யூம் எந்தப் பக்கம்னு சொல்ற குறிப்ப, காட்டி ஏஐஆர்ங்கற தீர்ப்புத் தொகுப்போட வால்யூம் கேட்டான், எடுத்துப் பாத்தா அந்தப் பக்கத்துல வேற யாரோ வாடகை கேஸ் நடுவுல ஓடுது. அந்தப் பேர்ல கேஸே இல்ல, ஏஐ சொன்னத அப்படியே எழுதியிருக்கான். அவனத் திட்டல, வால்யூமத் தொறந்து காட்டி உக்கார வெச்சு எப்படிச் சரிபாக்கறதுன்னு சொல்லிக் கொடுத்தேன். 2023ல நியூயார்க்ல மாட்டா எதிர் ஏவியாங்கா கேஸ்ல இல்லாத தீர்ப்புகள எழுதிக் கொடுத்ததுக்கு வக்கீல்களுக்கு 5000 டாலர் அபராதம் போட்டாங்க. நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது நடக்கக் கூடாது. அதத் தடுக்கற கடைசி ஆள் மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கற லைப்ரேரியன்தான், அந்த ஆளுக்கே இது என்னன்னு சொல்லிக் கொடுக்கலைன்னா எப்படி.

எங்க அனுப்பறதுன்னு கேப்பீங்க. ரொம்ப தூரம் போக வேண்டாம். அழகப்பாவுல லைப்ரரி சயின்ஸ் துறை இருக்கு, பஸ் ஏறினா போயிடலாம், சட்ட நூலகத்துக்குன்னு ரெண்டு நாள் பயிற்சி வெச்சுக் கொடுங்கன்னு உங்க லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் போட்டா அவங்க யோசிப்பாங்க, நாங்க தனித்தனியா போய் கேட்டா மதிப்பு வேற. 2022ல காரைக்குடிக்கு அரசு சட்டக் கல்லூரி வந்துச்சு, அங்க ஒரு லைப்ரரி, கோர்ட்டுல ஒரு லைப்ரரி, இவங்களும் அவங்களும் முகம் பாத்துப் பேசினதே இல்லைங்கற நிலைமை இருக்கக் கூடாது. மதுரையில தமிழ்நாடு ஜுடிஷியல் அகாடமியோட மண்டல மையம் இருக்கு, அங்க நடக்கற பயிற்சியில ஒரு மூலையில எங்களுக்கும் இடம் கேளுங்க. மெட்ராஸ் லைப்ரரி அசோசியேஷன் 1928ல இருந்து இருக்கு. மத்திய அரசோட ஆன்லைன் படிப்புத் தளம் ஸ்வயம்ல இலவசமாவே கோர்ஸ் கிடைக்குது, வேலை நேரத்துல ஒரு மணி நேரம் விட்டா போதும், பணமே வேண்டாம்.

வெளிநாட்டுல இது எப்படி நடக்குதுன்னு பாத்தா ஆசையா இருக்கும். அமெரிக்காவுல சட்ட நூலகர்கள் 1906லயே சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க, உலக அளவுல ஒண்ணு 1959ல வந்துச்சு, இங்கிலாந்து அயர்லாந்து சேத்து ஒண்ணு 1969ல. மாநாட்டுக்கு வர முடியாதவங்களுக்கு உதவித்தொகை, புதுசா வந்தவங்களுக்கு மூத்தவங்க கூட ஜோடி சேத்து விடறது, இதெல்லாம் உண்டு. அத விடப் பெருசு, அவங்க வாயத் தொறந்து பேசறாங்க. அரசாங்கம் சட்டத்த வெறும் ஆன்லைன்ல மட்டும் போட ஆரம்பிச்சப்ப, அது அசல்தானா, யாரும் மாத்தலையா, இருபது வருஷம் கழிச்சும் கிடைக்குமான்னு கேட்டது அங்க சட்ட நூலகர்கள்தான், அதுல இருந்து 2011ல ஒரு மாதிரிச் சட்டமே வந்துச்சு, பல மாநிலங்கள் அத எடுத்துக்கிட்டாங்க. புஸ்தகம் எடுத்து வெக்கறவங்கதான் அதச் செஞ்சாங்க.

நமக்கும் பேச வேண்டியது நிறைய இருக்கு. ஒரே நாடு ஒரே சந்தான்னு 2024 நவம்பர்ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துச்சு, 6000 கோடி ரூபாய், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல். அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு. கோர்ட்டு வளாகத்துல இருக்கற பார் லைப்ரரி அதுல வராது. நாமளும் வீட்டு வரியோட நூலக வரி கட்டறோம், அதுவும் பொது நூலகத்துக்குத்தான். அப்ப முதல் தலைமுறையா படிச்சு வந்த ஒரு ஜூனியர், மாசம் கைக்கு வர்றதே கொஞ்சம், அந்தப் பிள்ளைக்கு டேட்டாபேஸ் எங்கிருந்து வரும்? மாவட்ட, தாலுகா கோர்ட்டு லைப்ரரிகளையும் ஏதாவது ஒரு கூட்டுச் சந்தாவுல சேருங்கன்னு கேக்கணும். கேக்கறது நாங்களா இருந்தா காதுல விழாது, நீங்களும் நாங்களும் சேந்து கேட்டா விழும்.

இன்னொண்ணு, இலவசமா இருக்கறதே நிறைய பேருக்குத் தெரியல. 2023 ஜனவரியில இருந்து சுப்ரீம் கோர்ட்டு அதோட சொந்த ரிப்போர்ட்ட இ-எஸ்சிஆர்னு ஆன்லைன்ல இலவசமா விட்டிருக்கு, ஹெட்நோட்டோட, அதாவது தீர்ப்புக்கு மேல போடற சுருக்கத்தோட. அந்த வருஷமே நியூட்ரல் சைட்டேஷனும், அதாவது எந்தப் பப்ளிஷரையும் சாராம கோர்ட்டே தீர்ப்புக்குக் கொடுக்கற எண்ணும், கொண்டு வந்தாங்க. அதுக்குப் போய் காசு கட்டிக்கிட்டு இருக்கறவங்கள நான் பாக்கறேன். அதே மாதிரி ஜெராக்ஸ் விஷயம். கோர்ட்டு தீர்ப்ப காப்பி எடுக்கறது காப்பிரைட் சட்டம் 52லயே அனுமதி, ஆனா பப்ளிஷர் சொந்தமா எழுதின ஹெட்நோட்டு வேற கதை, ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோதக் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே அந்தக் கோட்டப் போட்டுக் கொடுத்துச்சு. இதெல்லாம் ஒரு அரை நாள் வகுப்புல சொல்லிக் கொடுக்கலாம், சொல்லிக் கொடுக்க நான் ரெடி.

கடைசியா பழசப் பத்தி. 1942 ஆகஸ்ட்ல தேவகோட்டை கோர்ட்டுக்கே தீ வெச்ச பூமி இது, சுதந்திரப் போராட்டத்துல அது பெருமைதான், ஆனா காகிதம் எரிஞ்சா எரிஞ்சதுதான். நம்ம செட்டியார் வீட்டு கேஸுக எத்தனையோ வெள்ளைக்காரன் காலத்துக் கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் ப்ரிவி கவுன்சில் வரைக்கும் போயிருக்கு, அந்தத் தீர்ப்புகள் இருக்கற இந்தியன் அப்பீல்ஸ் வால்யூம், 1891ல ஆரம்பிச்ச மெட்ராஸ் லா ஜர்னல், 1876ல இருந்து வர்ற ஐஎல்ஆர் (இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்) மெட்ராஸ் சீரிஸ், இதெல்லாம் நம்ம லைப்ரரிகள்ல எங்கயோ மேல் தட்டுல கிடக்கு. போன மாசம் ஒண்ண எடுத்தேன், தோல் அட்டை கையிலயே பொடிப்பொடியா வந்துச்சு, நடுவுல செல்லரிச்சு ஒரு விரல் நுழையற ஓட்டை நூத்தம்பது பக்கத்துக்கு நேரா போகுது. ஒரு பிரஷும் வேப்பிலையும் வெச்சு நான் எத்தன நாள் காப்பாத்துவேன்? இத எப்படி ஸ்கேன் பண்றது, எப்படிப் பூச்சி மருந்து புகை போடறதுன்னு கத்துக்கொடுக்கறவங்க இருக்காங்க. கோட்டையூர்ல ஒரு தனி மனுஷன், ரோஜா முத்தையா, வீட்டுலயே அவ்வளவு புஸ்தகத்தச் சேத்து வெச்சாரு, 1992ல அவரு போனதுக்கப்புறம் சிகாகோ யுனிவர்சிட்டி வாங்கி, அது 1994ல இருந்து சென்னையில ஆராய்ச்சி நூலகமா நிக்குது. சென்னையிலயாவது நிக்குதேன்னு சந்தோஷம்தான். நம்ம ஊர் சட்டப் புஸ்தகம் நம்ம ஊர்லயே நிக்கணும்னு எனக்கு ஆசை.

ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் தினம், சீர்காழியில பொறந்த ரங்கநாதன் ஐயா பேர்ல. அவரு நூலகத்துக்குன்னு 1931ல எழுதின அஞ்சு விதியில நாலாவது, வாசகரோட நேரத்தக் காப்பாத்து. வாய்தாவுக்கு முன்னாடி பத்து நிமிஷத்துல ஓடி வர்ற வக்கீல விட அவசரமான வாசகர் யாரு இருக்காங்க, சொல்லுங்க. அந்த நாளுக்கு பொன்னாடை வேண்டாம். அந்த வாரத்துல வர்ற சனிக்கிழமை சாயங்காலம் இந்த நாலு ஊர் லைப்ரேரியன்களும் ஒரு இடத்துல கூட ஒரு ஹால் கொடுங்க, கமிட்டியில இருந்து ஆளுக்கு ஒருத்தர் வந்து உக்காந்து கேளுங்க. யாருகிட்ட எந்த வால்யூம் இருக்கு, எது இல்லன்னு நாங்க அன்னைக்கே ஒரே பட்டியலா எழுதிக் கொடுத்துடறோம். ஒரே புக்க நாலு ஊர்லயும் வாங்கற காசு மிச்சம், அதுல ஒருத்தர பயிற்சிக்கு அனுப்பலாம், பஸ் சார்ஜும் ரெண்டு வேளைச் சாப்பாடும்தான் ஆகும்.

பட்டியலுக்கு நோட்டு நான் இப்பவே கோடு போட்டு வெச்சிருக்கேன். உங்க லைப்ரேரியன்கிட்ட தேதியச் சொல்லி விட்டா போதும், எனக்கு வந்து சேந்துடும்.

இப்படிக்கு,
செட்டிநாட்டுப் பக்கத்து சட்ட நூலகர் ஒருத்தி